வடிவுக்கு ஊத்துன கஞ்சி

மெதுவா அண்ணாச்சி, மெதுவா. தலையைக் குனிங்க. அண்ணாந்து பாக்காதீங்க, குனிஞ்சு இருமுங்க. ம், அப்படித்தான். சரியாப் போச்சா? பஸ் ஓடும்போது அண்ணாந்து தண்ணி குடிக்கக் கூடாது. பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போது ஒரு மடக்கு வழி மாறிப் போயிரும். புரை ஏறுததுதானேன்னு எல்லாரும் லேசா நெனைக்கோம்.

உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இருமல் சத்தமே ஆகாது. யாரு இருமினாலும் இப்போ இப்படித்தான். டீக்கடையில பக்கத்துல ஒருத்தருக்குப் புரை ஏறுனாப் போதும், கிளாஸை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துருவேன். வீட்டுல குழாயைத் திறந்தா மொதல்ல காத்து வந்து கொரகொரங்கும்லா, அதைக் கேட்டதும் மூடிருவேன். மக என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போணுங்கா. டாக்டர் என்ன செய்வாரு.

என் பேரு குருவையா. எடை மேடையில இருந்தேன், லாரி எடை போடுத இடம். முப்பத்திரெண்டு வருசம். கிலோ முன்னப்பின்ன ஆச்சுன்னு ஒரு டிரைவர் எங்கிட்ட சண்டைக்கு வந்தது கெடையாது. இப்போ வேலைக்குப் போகல. இன்னைக்கு மலையடிவாரத்துல இருக்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். வைத்தியத்துக்கு இல்ல. அங்க ஒரு நர்சம்மா இருக்காங்க, ஜெசிந்தான்னு பேரு. அவங்களைப் பாக்கப் போனேன். அவங்க மேல எனக்குக் கோவம் அண்ணாச்சி. காலம்பறப் போகும்போது இருந்தது ஒரு கோவம். இப்போ இருக்கது வேற. நீங்க எங்க இறங்கணும்? பஸ் ஸ்டாண்டா? அப்போ நேரம் கெடக்கு.

என் வீட்டுக்காரி பேரு சுந்தரவடிவு. வடிவுன்னு கூப்பிடுவேன். பங்குனி மாசம், ஒரு செவ்வாக்கிழமை. எனக்குக் காலம்பற ஆறே முக்காலுக்குக் காப்பி வந்துரணும். அன்னைக்கு ஏழு ஆகியும் வரல. ரெண்டு சத்தம் குடுத்தேன், பதில் இல்ல. கோவத்தோடதான் அடுக்களைக்குப் போனேன், உள்ளதைச் சொல்லுதேன். போயிப் பாத்தா தரையில சரிஞ்சு கெடக்கா. வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கு. வலது கையும் காலும் துணி மாதிரிக் கெடக்கு. கண்ணு மட்டும் முழிச்சிருக்கு. என்னைப் பாக்கா.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். எங்க ஊர் தாலுகா ஆஸ்பத்திரியில கொண்டு சேர்த்தேன். சின்ன வயசு டாக்டர், நல்ல பையன். வந்த உடனே கேட்டாரு, “விழுந்ததுக்கு அப்புறம் வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா? தண்ணி, காப்பி, சோடா எதுவும்?”

“இல்ல சார்”னேன்.

பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டு இருந்தது ஜெசிந்தா சிஸ்டர்தான். ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கப்படவில்லை’ன்னு கேஸ் ஷீட்டுல எழுதுனாங்க. வடிவு ஸ்ட்ரெச்சர்ல கெடந்தபடியே என்னைப் பாத்தா.

ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி தலையை ஸ்கேன் எடுத்து, அஞ்சாம் நாளு திரும்ப எங்க ஊருக்கே அனுப்பிட்டாங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அதுபோக நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல் வேற. தொண்டைக்கு விழுங்குத பலம் இல்ல, வாயில எதைக் குடுத்தாலும் நுரையீரலுக்குப் போயிரும்னு மூக்கு வழியா வயித்துக்கு ஒரு குழாய் போட்டுட்டாங்க. நீங்க பாத்திருப்பீங்க. மூக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி, காதுக்குப் பக்கத்துல ஒரு மூடியோட தொங்கும். இனிமே மருந்தைவிட ஆகாரம்தான் முக்கியம், ஆகாரம் ஒழுங்காப் போனா ஆளு தேறிரும்னு டாக்டர் சொன்னாரு.

அந்தக் குழாய்ல எப்படி ஊத்தணும்னு எனக்குச் சொல்லித் தந்தது ஜெசிந்தா சிஸ்டர். அதை மறைக்க மாட்டேன். தலைமாட்டை உயர்த்தி உக்கார வைக்கணும். சிரிஞ்சை மாட்டி லேசா உறிஞ்சி, குழாய் வயித்துலதான் இருக்கான்னு பாக்கணும். அப்புறம் சிரிஞ்சுல தள்ளுத கட்டையை எடுத்துட்டு, வெறும் கூட்டைக் குழாய்ல சொருகிக் கஞ்சியை ஊத்தணும். அமுக்கித் தள்ளக் கூடாது, அதுவா எறங்கணும். உயரமாப் பிடிச்சா வேகமா எறங்கும், தாழ்த்துனா நிக்கும். கடைசியில கொஞ்சம் வெந்நீர் ஊத்திக் குழாயைக் கழுவணும். அரைமணி நேரம் படுக்கப் போடக் கூடாது.

அன்னைக்கே அந்தம்மா கேட்டாங்க, “அம்மாவுக்கு என்னய்யா பிடிக்கும்? இதுல அதையே கரைச்சுக் குடுக்கலாமே.”

“எல்லாம் சாப்பிடுவா”ன்னேன். நமக்குப் பண்ணுததைத்தானே வீட்டுப் பொம்பளைங்களும் சாப்பிடுவாங்க, இதுல பிடிச்சது பிடிக்காதது என்ன இருக்கு.

காலம்பற ஆறு மணியில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ரெண்டு மணிக்கு ஒருதடவை. எட்டுத் தடவை. தடவைக்கு இருநூறு மில்லி. சத்துமாவுக் கஞ்சி, பால், சோத்தையும் பருப்பையும் குழைய விட்டு மிக்சியில அடிச்சு வெள்ளைத் துணியில வடிகட்டுனது, முட்டையோட வெள்ளைக் கரு. ஒரு பருக்கை தங்குனாலும் குழாய் அடைச்சிரும், அதனால ரெண்டு தடவை வடிகட்டுவேன். அடுப்பே பத்த வைக்கத் தெரியாதவன் அண்ணாச்சி நான். பத்தே நாள்ல வார்டுக்கே நான்தான் வாத்தியார் மாதிரி. புதுசா வந்தவங்களுக்கு நர்சுங்க என்னைக் காட்டுவாங்க, அந்த ஐயாவைப் பாத்துப் படிங்கன்னு. ஒரு வேளை தப்புனது இல்ல. ஒரு மில்லி குறைஞ்சது இல்ல.

அவதான் ஒத்துழைக்கல.

ரெண்டு தடவை குழாயைப் பிடுங்கிட்டா. மொதத் தடவை தூக்கத்துல கைபட்டிருக்கும்னு விட்டுட்டோம். ரெண்டாம் தடவை நான் சிரிஞ்சோட பக்கத்துல நிக்கும்போதே, என்னைப் பாத்துக்கிட்டே உருவிட்டா. திரும்பப் போடும்போது குமட்டி, கண்ணுல தண்ணி வந்து, பாவமா இருந்துது. மூணாம் தடவை அப்படி ஆகக் கூடாதுல்லா. அதனால கையைக் கட்டிட்டேன். கட்டுத் துணியை நாலா மடிச்சு, மணிக்கட்டுல வலிக்காத மாதிரிச் சுத்தி, கட்டில் கம்பியில ஒரு முடிச்சு. வலது கை ஏற்கெனவே விழுந்துட்டு. நல்ல கை இடது ஒண்ணுதான். அதைத்தான் கட்டுனேன்.

கட்டுனதுக்கு அப்புறம் முரண்டு பண்ணல. சும்மா பாப்பா. நான் தலைமாட்டை உயர்த்துனதுல இருந்து கடைசிச் சொட்டு எறங்குத வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டா. பசிக்குது போல, கஞ்சியைப் பாக்கான்னு நெனச்சுக்குவேன். சில நேரம் வாயைத் திறந்து என்னமோ சொல்ல வருவா. கொழகொழன்னு சத்தம் வரும். “பேசாத வடிவு, புரை ஏறிரும்”னு சொல்லிருவேன். அதுலதான் எனக்குப் பயமே. குழாய்ல போறது பத்திரம். அளந்து ஊத்துதோம், எங்க போகுதுன்னு தெரியும். வாய் அப்படி இல்ல.

நான் கண்ணால பாத்தவன்லா. அன்னைக்குக் காலம்பற, ஆம்புலன்சு வாரதுக்கு முன்னாடி.

தண்ணிதான் குடுத்தேன் அண்ணாச்சி. ஒரு செம்பு தண்ணி. மயங்கி விழுந்தா தண்ணி குடுக்கதுதானே வழக்கம். யாரு குடுக்க மாட்டா? தலையை என் மடியில தூக்கி வச்சு, அண்ணாக்கப் பிடிச்சு ஊத்துனேன். அவ வேண்டாம்னு இடது கையால தள்ளுனா. “குடி, குடிச்சாத் தெளியும்”னு நான்தான் விடல. அப்புறம் இருமுனா பாருங்க. இருமல்னு சொல்ல முடியாது அதை. முகமெல்லாம் நீலமாப் போயி, தண்ணிக்குள்ள ஆளை அமுக்குன மாதிரி ஒரு சத்தம். டாக்டர் கேட்டப்போ அந்தச் சத்தம் எங்காதுக்குள்ள இருந்துது. இல்லேன்னு வாயில வந்துட்டு. ஒருதடவை இல்லேன்னுட்டா அப்புறம் எப்படி மாத்திச் சொல்ல?

சரி, அது போகட்டும்.

திங்கக்கிழமை தோறும் ஜில்லா ஆஸ்பத்திரியில இருந்து பேச்சுப் பயிற்சி குடுக்குத ஒரு அம்மா வருவாங்க. பதினாலாம் நாளு வந்து வடிவைப் பாத்தாங்க. தொண்டையில விரலை வச்சு எச்சி முழுங்கச் சொன்னாங்க. “கொஞ்சம் பலம் வந்திருக்கு. தண்ணி வேண்டாம். கெட்டியான கூழா, அரை ஸ்பூன் அரை ஸ்பூனா, தாடையைக் குனிய வச்சுக் குடுத்துப் பழக்கலாம். பழகிட்டா ஒரு மாசத்துல குழாயே வேண்டாம்”னாங்க.

நான் முடியாதுன்னுட்டேன். கையெழுத்துக் கேட்டாலும் போட மாட்டேன்னு சொன்னேன். அந்தம்மா ஜெசிந்தா சிஸ்டரைப் பாத்தாங்க. சிஸ்டர் வடிவைப் பாத்தாங்க. பொம்பளைங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களே தவிர, என்னை யாரும் பாக்கல.

பதினேழாம் நாளு. பத்து மணிப் பாலை ஊத்திட்டு, குளிச்சுட்டு மத்தியானக் கஞ்சி எடுத்துட்டு வரலாம்னு வீட்டுக்குப் போனேன். வழக்கமாப் பதினொண்ணே முக்காலுக்குத்தான் திரும்புவேன். அன்னைக்குக் கரண்டு இல்ல, மிக்சி ஓடல. சரி, கடையில சத்துப்பொடி வாங்கிக் கரைச்சிரலாம்னு பதினொண்ணேகாலுக்கே வந்துட்டேன்.

வந்து பாத்தா, வடிவு நிமிர்ந்து உக்காந்திருக்கா. கைக்கட்டை அவுத்துட்டாங்க. அவுத்த துணி கட்டில் கம்பியில தொங்குது. ஜெசிந்தா சிஸ்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, மோர் விட்ட கேப்பைக் கூழைக் களி மாதிரி கெட்டியா வச்சுக்கிட்டு, ஸ்பூன்ல குடுக்காங்க. வடிவு நாக்கைச் சுழட்டிச் சுழட்டி முழுங்குதா. கண்ணை மூடிக்கிட்டு முழுங்குதா அண்ணாச்சி. அவளை நான் அப்படிப் பாத்ததே இல்ல. வீட்டுல அவ எப்போ சாப்பிடுவான்னே எனக்குத் தெரியாது, நான் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தானே. இடது கை சும்மா மடியில கெடக்கு. மூக்குல குழாய் அப்படியே இருக்கு. அவ அதைத் தொடக்கூட இல்ல.

மூணு நாளா நடக்குதாம். எனக்குத் தெரியாம.

நான் கத்துன கத்துல வார்டே கூடிட்டு. வடிவு பயந்து, வாயில இருந்தது நெஞ்சுல ஏறி, ரெண்டு இருமல் இருமுனா. சின்ன இருமல்தான். ஆனா எனக்கு அந்தச் செம்புத் தண்ணிச் சத்தம் அப்படியே வந்துட்டு. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். நேரா பெரிய டாக்டர் ரூமுக்குப் போயிட்டேன்.

அங்க வச்சுக் கேளுங்க. பெரிய டாக்டர் இருக்காரு, அந்தச் சின்ன டாக்டரும் இருக்காரு. சிஸ்டரைக் கூப்பிட்டாங்க. நான் சொன்னேன், “வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் இவங்க குடுத்திருக்காங்க. மொத நாள்ல இருந்து எம்பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு நான் வாயில விட்டது கெடையாது. இனிமே அவளுக்கு நெஞ்சுல சளி வந்தா இவங்கதான் காரணம்.”

சிஸ்டர் எதுத்துப் பேசல. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமக் குடுத்தது தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?”ன்னு கேட்டாங்க.

எவ்வளவு திமிரு பாருங்கன்னு அப்போ நெனச்சேன். “எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல”ன்னேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாங்க. எதுக்குக் காத்திருந்தாங்கன்னு எனக்குப் புரியல. அப்புறம் போயிட்டாங்க. மறுநாளு அவங்களை ஊசி போடுத ரூமுக்கு மாத்திட்டாங்க. சாமானை எடுக்க வார்டுக்கு வந்தப்போ எங்கிட்ட சொன்னாங்க, “அம்மா எங்கிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்காங்கய்யா. உங்களுக்குத் தெரியணும்னு தோணுனா வந்து கேளுங்க.” எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்னுட்டேன். அவளுக்குத்தான் பேச்சே இல்லையே, என்னத்தச் சொல்லியிருக்கப் போறான்னும் இருந்துது.

அதுக்கப்புறம் வடிவு வாயைத் திறக்கல. என் மக கோமதி திருப்பூர்ல இருந்து வந்திருந்தா. நாலு நாள் கழிச்சு, “பாவம்பா, நாக்கு வறண்டு கெடக்கு, ஒரு ஸ்பூன் கூழு நான் குடுத்துப் பாக்கேன்”னா. நானும் மனசு கேக்காம சரின்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. கையைக் கட்ட நான் துணியை எடுத்தா, அவளே கையைக் கம்பிக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சுருவா. நான் ஊத்துவேன், அவ பாப்பா. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒரு வேளை தப்புனது இல்ல. ஒண்ணரைக் கிலோ எடைகூட ஏறுனா. டாக்டரே சொன்னாரு, இவ்வளவு சரியா யாரும் பாத்ததில்லைன்னு.

முப்பத்தொம்பதாம் நாளு காய்ச்சல் வந்து, ரெண்டு நாள்ல போயிட்டா. திரும்பவும் நெஞ்சுச் சளிதான். படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு வாரதுதான்னு டாக்டர் சொன்னாரு. கோமதி அழுது அழுது கேட்டா, “நல்லாத்தானே இருந்தா, எப்படிப்பா?”ன்னு. நான் அந்த நர்சைச் சொன்னேன். அவங்க குடுத்த கூழு அப்போ நெஞ்சுல இறங்கியிருக்கும், உள்ளயே இருந்து கெடுத்திருக்கும்னு சொன்னேன். இருபத்திரெண்டு நாள் கழிச்சு எப்படின்னு அவ கேக்கல. யாரையாவது சொன்னாப் போதும்னு இருந்துது அவளுக்கு. எனக்கும்தான்.

அதுல இருந்து கோமதிக்கு அந்த நர்ஸ் பேரைச் சொன்னாலே ஆகாது. மூணு மாசம் ஆச்சு. அவங்களை மலையடிவாரத்துக்கு மாத்திட்டாங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. “நீங்க நேர்ல போயி நல்லாக் கேட்டுட்டு வாங்கப்பா. நீங்க கேக்கலேன்னா நான் போயிக் கேப்பேன்”னா. சரி, நானே போறேன்னு கெளம்பிட்டேன். அவ போனா என்ன ஆகும்?

உண்மையில நான் சண்டைக்குப் போகல அண்ணாச்சி. வீட்டுல பத்து மணி ஆனா, பன்னிரண்டு மணி ஆனா, யாரோ என்னைப் பாக்க மாதிரியே இருக்கு. அவ முன்ன படுக்குத மூலையில இருந்து. நான் எந்திரிச்சு வேற ரூமுக்குப் போறேன், அங்கயும் வருது. அவ என்னத்தையோ கேட்டுக்கிட்டு இருக்க மாதிரி. அது என்னன்னு தெரிஞ்சாப் போயிரும்னு நெனச்சேன். அந்த சிஸ்டர்கிட்ட என்ன சொன்னான்னு தெரிஞ்சாச் சரியாப் போயிரும்னு நெனச்சுத்தான் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வராண்டாவுல உக்காந்து டப்பாவைத் திறந்துக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் மூடி வச்சுட்டாங்க. “வாங்கய்யா”ன்னு பெஞ்சுல இடம் விட்டாங்க. வடிவு போயிட்டது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

“அவ என்னமோ சொன்னான்னு அன்னைக்குச் சொன்னீங்களே”ன்னு கேட்டேன்.

“சொன்னாங்கய்யா. கூழு குடுத்த மூணாம் நாளு, நீங்க வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். பேச்சு தெளிவா இல்ல, நான் காதைப் பக்கத்துல வச்சுக் கேட்டேன். ‘விழுந்தன்னைக்கு அவரு எனக்குத் தண்ணி குடுத்தாரு, டாக்டர்கிட்ட இல்லேன்னுட்டாரு’ன்னாங்க.”

நின்னுக்கிட்டு இருந்தவன் பெஞ்சுல உக்காந்தேன்.

“பதட்டத்துல எல்லாரும் செய்யுததுதாம்மா, நான் டாக்டர்கிட்ட பக்குவமாச் சொல்லிரட்டுமான்னு கேட்டேன். என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘நீங்க சொல்லாதீங்க. தண்ணி குடுத்தது தப்பில்ல. அதை அவரா சொல்லட்டும். சொல்வாரான்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன்’னாங்க.”

அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல.

டாக்டர் ரூம்ல வச்சு அந்தம்மா இதைச் சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை. நான் அவங்க மேல பழியைப் போடுதேன், அவங்க வேலைக்கே ஆபத்து. எங்கிட்டத்தான் கேட்டாங்க, நீங்க வேற ஏதாவது சொல்லணுமான்னு. அப்புறம் காத்திருந்தாங்க. அவகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்த மாதிரி வாயைத் திறக்கல. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அவமானப்பட்டிருப்பேன், அவ கால்ல விழுந்திருப்பேன், அவ ரெண்டு வாய் கூழு தின்னுருப்பா. அன்னைக்குச் சொல்லாதவங்க இன்னைக்கு எதுக்குச் சொல்லணும்? நான் கேட்டேன்தான். கேட்டா உடனே சொல்லிரணுமா? ‘ஒண்ணுமில்லய்யா, உங்களை நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க’ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா. அந்தக் கோவம்தான் எனக்கு. இனி ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் அவ எதுக்குப் பாக்கான்னு தெரிஞ்சே நான் உக்காந்திருக்கணும்.

கெளம்பும்போது, நான் சாப்பிட்டேனான்னு கேட்டாங்க. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

டவுன் வந்துட்டு. அந்தா, புத்தகக் கடை பக்கத்துல ஊதாச் சேலையில நிக்கால்லா, அதுதான் என் மக. பஸ் நம்பரைப் பாக்கா. இறங்குன உடனே “அந்த நர்சை நல்லாக் கேட்டீங்களாப்பா?”ம்பா. கேட்டேன்னு சொல்லுவேன். அது பொய் இல்லையே அண்ணாச்சி. கேட்டேன்லா.

வழி விடுதேன், நீங்க மொதல்ல இறங்குங்க.